7. மாவு வாங்கலாம், பொடி வாங்க வேண்டாம்

மாலை ஐந்தரை மணிக்குப் பாகூர் கடைத்தெருவிலோ வில்லியனூர் தேரடிப் பக்கமோ ஒரு மளிகைக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சேதராப்பட்டு, காட்டுக்குப்பம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை முடித்த பெண்கள் வேனிலிருந்து இறங்கும் நேரம். பலர் நேரே வீட்டுக்குப் போவதில்லை. கடையின் குளிர்பெட்டியைத் திறந்து மாவுப் பாக்கெட்டை எடுக்கிறார்கள். விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள்.

"அக்கா, இன்னிக்கு அரைச்சதா?"

"காலையில அரைச்சதுதான் பாப்பா. இன்னும் புளிக்கல. போனதும் வெளியில வெச்சிடு, ராத்திரிக்கு தோசை நல்லா வரும்."

இப்படிக் கேட்டு வாங்குகிறவர்களுக்கு இந்த அத்தியாயத்தில் புதிதாகக் கொஞ்சம்தான் இருக்கும். கேட்காமல் வாங்குகிறவர்களுக்கும், வாங்குவதையே கௌரவக் குறைச்சலாக நினைக்கிறவர்களுக்கும்தான் இது முக்கியமாக எழுதப்படுகிறது. "மாவு வாங்கி சுடுற வீடு" என்று ஏளனம் பேசுகிற மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே வீட்டில் காலையில் பாண்லே பால் பாக்கெட் வருகிறது, அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. பக்கத்துத் தெருவில் மாடு இருந்த காலத்தில் பாக்கெட் பாலையும் இப்படித்தான் ஏளனம் செய்திருப்பார்கள். நகரத்துப் பிரெஞ்சு ரொட்டி முதல் நம்மூர் பேக்கரி பன் வரை, ரொட்டியை வீட்டில் சுடாமல் வாங்கித் தின்று பழகிய ஊர் புதுச்சேரி. ஆகவே வாங்குவதா சமைப்பதா என்ற மானப் பிரச்சினையை இங்கேயே விட்டுவிடுவோம். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

அதற்கு நான் சொல்கிற முறை இது. தினமும் அல்லது இரண்டு நாளைக்கு ஒருமுறை செய்தாக வேண்டியது, சீக்கிரம் கெட்டுப்போவது, உள்ளூரிலேயே ஒருவர் செய்து விற்பது: இதைத் தயங்காமல் வாங்குங்கள். வருஷத்துக்குச் சில முறை மட்டும் செய்து டப்பாவில் போட்டுவைத்தால் மாதக்கணக்கில் வருவதை வீட்டிலேயே செய்யுங்கள். நம் வீடுகளில் இப்போது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருக்கிற வீட்டில் குழம்பு மிளகாய்த்தூள் பத்து ரூபாய் பாக்கெட்டாகச் சரம் சரமாகத் தொங்குகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கீழே உள்ள விலைகள் உத்தேசம்; உங்கள் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இட்லி அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து கிலோ 130 ரூபாய் என்று வைப்போம். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். எல்லாம் சேர்த்து 85 ரூபாய்க்குள் முடியும். அரைத்தால் ஏறக்குறைய 3 கிலோ மாவு வரும். கிலோவுக்கு 28, 29 ரூபாய். கரண்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதே மாவு கடையில் கிலோ 45 ரூபாய் என்றால், 3 கிலோவுக்குக் கூடுதலாக நீங்கள் கொடுப்பது சுமார் 50 ரூபாய்.

அந்த 50 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? ஊறவைக்க மறக்காமல் இருப்பது, களைவது, கிரைண்டர் பக்கத்திலேயே நின்று தள்ளிவிடுவது, வழிப்பது, கல்லைக் கழுவுவது என்று கூட்டினால் குறைந்தது ஒரு மணி நேர வேலை. ஷிப்டு முடிந்து வந்து, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் 50 ரூபாயைவிடப் பெரியது. வீட்டில் ஆளும் நேரமும் இருந்தால் அரைத்துக்கொள்ளலாம். இரண்டுமே சரியான முடிவுதான்.

ஆனால் நம் பகுதிக்கென்று ஒரு விஷயம் இந்தக் கணக்கை மாற்றிவிடும். புதுச்சேரியில் 2015-ல் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தன. சோற்று அரிசி, இட்லி அரிசி இரண்டையும் மளிகைக் கடையில் காசு கொடுத்து வாங்கிப் பழகிவிட்டோம். மாவுப் பாக்கெட் கிராமங்களில் வேரூன்ற இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. உங்கள் அட்டைக்கு இலவச அரிசி வருகிறது, அது புழுங்கல், வீட்டில் மிஞ்சுகிறது என்றால் மாவுக்கு நீங்கள் செலவழிப்பது உளுந்துக்கும் வெந்தயத்துக்கும் மட்டும்தான். கிலோவுக்கு 12 ரூபாய் ஆகும். அப்போது கடை மாவுக்கும் வீட்டு மாவுக்கும் 3 கிலோவில் 100 ரூபாய் வித்தியாசம். மாதத்தில் நாலைந்து முறை அரைக்கும் வீட்டில் இது சிறிய தொகை இல்லை. ரேஷன் அரிசியில் மட்டும் இட்லி கொஞ்சம் கட்டியாக வருகிறது என்றால் பாதிக்குப் பாதி இட்லி அரிசி கலந்துகொள்ளுங்கள்.

மாவு வாங்கும்போது

புளிக்காத மாவை வாங்கிப் புளிக்க வைத்துக்கொள்வதுதான் நல்லது. புளித்த மாவு அரைத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது விற்கிறவருக்கே சரியாகத் தெரியாது. புளிக்காத மாவு உங்கள் கையில் இருக்கிறது: பாத்திரத்தில் ஊற்றி, உப்புப் போடாத மாவாக இருந்தால் உப்புப் போட்டு, கையால் ஒரு கலக்குக் கலக்கி மூடி வையுங்கள். கத்திரி வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் ராத்திரி முழுக்க ஆகும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் சீக்கிரம்.

பாக்கெட் உப்பியிருந்தால் கெட்டது என்று பலர் ஒதுக்குகிறார்கள். மாவைப் பொறுத்தவரை அது தப்பு. மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும்போது வாயு வருகிறது, பாக்கெட் உப்புகிறது, அவ்வளவுதான். சீக்கிரம் சுட்டுவிட வேண்டிய மாவு என்பதற்கு அது அடையாளம். பாக்கெட் பால் உப்பியிருந்தாலோ, சமைத்து அடைத்த குழம்பு, கூட்டு பாக்கெட்டுகள் உப்பியிருந்தாலோ தொடவே கூடாது. மாவில் பயப்பட வேண்டியது நிறம். ஓரத்தில் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்புப் புள்ளி எது தெரிந்தாலும் மேலாக வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சுடாதீர்கள். முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

தண்ணீராக இருக்கும் மாவும் கிலோ கணக்கில்தான் எடை நிற்கும். கெட்டி மாவில் ஒரு கிலோவுக்கு நடுத்தர அளவில் இருபது இட்லி எதிர்பார்க்கலாம். தண்ணீர் மாவில் எண்ணிக்கை வந்தாலும் இட்லி தட்டையாக, ஈரமாக உட்கார்ந்துவிடும். அதைச் சரிக்கட்ட சோடா உப்புப் போடுகிறவர்களும் உண்டு. இட்லி உப்பலாக வந்து, வாயில் சோப்புபோல ஒரு பிசுபிசுப்பும் லேசான கசப்பும் இருந்தால், தோசை அளவுக்கு மீறிச் சீக்கிரம் சிவந்தால், சந்தேகப்படலாம். கடையை மாற்றுங்கள். இரண்டு மூன்று கடையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றில் நிலைத்து நிற்பதில் ஒரு லாபம் உண்டு: தெரிந்த முகத்துக்கு நேற்றைய பாக்கெட்டை எடுத்துக்கொடுக்க யாருக்கும் கை வராது.

தண்ணீரையும் கேளுங்கள். கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது. மாவு எந்தத் தண்ணீரில் அரைக்கப்பட்டது என்பது ருசியிலேயே தெரிந்துவிடும். தண்ணீர் சுத்தமா என்ற கவலை, இட்லி ஆவியில் வெந்துவிடுவதால் பாதி தீரும். கூடவே பாக்கெட்டில் விற்கும் சட்னியில் தீராது. தண்ணீர் விட்டு அரைத்த தேங்காய்ச் சட்னி இந்த ஊர் வெயிலில் மதியம் வரைகூட நிற்காது. சட்னியை வாங்காதீர்கள்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் அரைக் கிலோதான் அளவு. மறுநாளுக்கும் சேர்த்து வாங்கி மிச்சம் பிடிக்க நினைத்தால் புளித்த தோசைதான் மிஞ்சும்.

மீன், இடியாப்பம், கீரை

இவையும் முதல் வகைதான். காலையில் ஒலிபெருக்கியில் குரலை ஓடவிட்டபடி வண்டியில் வரும் இடியாப்பக்காரரிடம் வாங்குவதில் நான் ஒரு குறையும் காணவில்லை. ஆவி பறக்க இருந்தால் வாங்குங்கள், ஆறியிருந்தால் விடுங்கள். உங்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள், சூடாக எதையும் பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள். ஹோட்டல் சாம்பாருக்கும் இதேதான். ஒரு தூக்கு போதும். வடை, பஜ்ஜியை செய்தித்தாளில் மடித்துத் தருவதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளே தடை செய்திருக்கின்றன. மையில் உள்ள ரசாயனம் எண்ணெயோடு சேர்ந்து பண்டத்தில் இறங்கும். டீக்கடைக்காரரிடம் சண்டை வேண்டாம், ஒரு டப்பாவை நீட்டினால் அதிலேயே போட்டுத் தருவார்.

நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் பக்கம் மீன் வாங்குகிறவர்களுக்கு மீனை ஆய்ந்து தரும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் சில்லறையைப்போலப் பயனுள்ள செலவு சமையலில் இன்னொன்று கிடையாது. சங்கராவைச் செதில் எடுத்து, குடல் நீக்கி, துண்டு போட வீட்டில் ஆகும் நேரத்தில் அவர் பத்துப் பேருக்கு ஆய்ந்துவிடுவார். வீட்டில் நாற்றமும் இல்லை, பூனைத் தொல்லையும் இல்லை. மீனை முழுதாக இருக்கும்போதே செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். துண்டு போட்டு வைத்திருப்பதில் புதுசா பழசா என்று கண்டுபிடிக்க முடியாது. உரித்துவைத்த இறாலிலும் அப்படித்தான்.

ஆய்ந்த கீரை, உரித்த சின்ன வெங்காயம் இரண்டும் பட்டணத்துப் பழக்கம். கீரைக்கட்டு பக்கத்துக் கொல்லையிலேயே கிடைக்கும் ஊரில் அதற்குத் தேவை இல்லை. விசேஷ வீடு என்றால் வேறு.

தயிரை மட்டும் இந்த வகையிலிருந்து விலக்கிவிடுங்கள். தினமும் வேண்டியதுதான், ஆனால் அதில் வேலை என்று ஒன்றுமே இல்லை. அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பூன் உறை ஊற்றி மூடினால் அரை லிட்டர் தயிர். தயிர் பாக்கெட்டுக்கு ஏன் கூடுதல் காசு கொடுக்கிறோம் என்பதற்கு எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

மில்லுக்குப் போகிற சாமான்கள்

இங்கேதான் நம் வீடுகளில் காசு ஒழுகுகிறது.

சக்தி மசாலா ஈரோட்டுப் பக்கம் 1970-களில் வேரூன்றியது. ஆச்சி 1995-ல் வந்தது. சின்னப் பாக்கெட்டில் மசாலா கிடைக்கத் தொடங்கியபோது கூலி வேலைக்குப் போகும் வீடுகளுக்கு அது பெரிய உதவிதான். மொத்தமாக மிளகாய், மல்லி வாங்கக் கையில் காசு இல்லாதவர் அன்றைய குழம்புக்கு மட்டும் பொடி வாங்கலாம். ஆனால் அந்த உதவிக்கு ஒரு விலை இருக்கிறது. பத்து ரூபாய் பாக்கெட்டைத் திருப்பி எடையைப் பாருங்கள். 20 கிராம் என்று இருந்தால் நீங்கள் கிலோவை 500 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். இப்போது பல பாக்கெட்டுகளில் ஒரு கிராமின் விலையும் தனியாக அச்சாகிறது. அதை ஆயிரத்தால் பெருக்கினால் போதும்.

வீட்டுக் கணக்கு: குண்டு மிளகாய் அல்லது நீட்டு மிளகாய் அரைக் கிலோ, மல்லி ஒரு கிலோ. அதோடு துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, புழுங்கலரிசி ஒவ்வொரு கை. மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம், விரலி மஞ்சள் உங்கள் வீட்டு வழக்கப்படி. மிளகாயையும் மல்லியையும் இரண்டு நாள் சுள்ளென்ற வெயிலில் போடுங்கள். மற்றதைத் தனித்தனியாக வறுத்து ஆறவைத்து மில்லுக்குக் கொண்டுபோங்கள். சுமார் 2 கிலோ பொடி வரும். மிளகாய் கிலோ 200, மல்லி கிலோ 130 என்று வைத்தால், அரைவைக் கூலியும் சேர்த்து 400 ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதாவது கிலோ 200 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு மூன்று மாதம் தாராளமாக வரும். மொத்தப் பணம் ஒரே நாளில் புரளாத வீடுகளில் அக்கம்பக்கத்து இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து அரைத்துப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

மில்லில் போனதும் கேட்க வேண்டியது, முன்னால் என்ன அரைத்தார்கள் என்று. கேழ்வரகு ஓடியிருந்தால் உங்கள் முதல் கைப்பிடியில் அது கலந்து வரும். யாருடைய மிளகாய்த்தூளாவது ஓடியபின் உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள். அரைத்து வந்த சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். செய்தித்தாளில் கொட்டுவதற்குப் பதில் வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவிட்டு, சலித்து, ஈரமில்லாத பாத்திரத்தில் அமுக்கி வையுங்கள். ஈரக் கரண்டியைப் பொடியில் விடாதீர்கள், சீக்கிரம் கெட்டுப்போகும்.

இதே வகையில் இட்லிப்பொடி, வத்தல், ஊறுகாய், தாளிப்பு வடகம். வடகத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இந்தப் பகுதியின் சொத்து. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை இடித்து விளக்கெண்ணெய் தடவி உருட்டி, பகலில் உதிர்த்துக் காயவிட்டு, சாயங்காலம் மறுபடி உருட்டி, இப்படியே ஒரு வாரத்துக்கும் மேலாகப் போகும் வேலை. பிரான்சில் இதைப் பார்த்துச் செய்த மசாலாத்தூளை 'வாதுவான்' என்று பெரிய உணவகங்களில் பயன்படுத்துகிறார்கள். இங்கே வத்தக்குழம்பிலும் மீன்குழம்பிலும் ஒரு உருண்டையைக் கிள்ளிப் போட்டால் தெரு முனை வரை வாசம் வரும். வெங்காயம் உரிக்க ஆள் இல்லாத வீடுகள் இதை வாங்கலாம், ஆனால் பாக்கெட் கம்பெனியிடம் அல்ல; உங்கள் தெருவில் வருஷா வருஷம் போடுகிற அம்மாவிடம் பங்குனியிலேயே சொல்லிவைத்து, முன்பணம் கொடுத்து வாங்குங்கள்.

இஞ்சி பூண்டு விழுதுக்கு ஒரே வரி: ஒரு வாரத்துக்கு வேண்டியதை உப்பும் எண்ணெயும் சேர்த்து மிக்சியில் அரைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

நூடுல்ஸ், பரோட்டா, பஃப்ஸ்

2015 ஜூனில் மேகி நூடுல்ஸில் ஈயம் இருப்பதாகச் சொல்லி நாடு முழுக்கத் தடை செய்து திரும்பப் பெற வைத்தார்கள். ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நவம்பரில் மறுபடி கடைக்கு வந்தது. அதை வைத்து இன்றும் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. இப்போது பார்க்க வேண்டியது ஈயத்தை அல்ல, உப்பை. எந்தப் பாக்கெட்டிலும் சத்து அட்டவணையில் சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு. ஒரு பாக்கெட்டில் 800 என்று இருந்தால் 2 கிராம் உப்பு உள்ளே போகிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் போதும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் சொல்லியிருக்கிறது. பிள்ளைக்கு அவசரத்துக்குச் செய்துகொடுப்பதானால் மசாலாவில் பாதியைக் கொட்டிவிட்டு, ஒரு முட்டையும் ஒரு கேரட்டும் சேருங்கள். வாரத்தில் ஒரு நாள் போதும். தினமும் டிபன் டப்பாவில் அதுவே போனால் அதற்குப் பழைய சோறே ஆயிரம் மடங்கு மேல்.

பாக்கெட் பரோட்டா விருந்தாளி வந்த நேரத்துக்கு இருக்கட்டும். முன்பு இதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 2020-ல் கர்நாடகத்தில் பரோட்டாவும் ரொட்டியும் ஒன்றா இல்லையா என்று ஒரு வழக்கே நடந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பரோட்டாவுக்கு வரி கிடையாது. பழைய விலையையே வாங்குகிறார்களா என்று பில்லைப் பாருங்கள். பஃப்ஸ், கிரீம் பன்னில் பெரும்பாலும் வனஸ்பதி இருக்கும். வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகளுக்குப் பள்ளி வாசலில் வாங்கித் தருவதானால் பொரி உருண்டை, கடலை மிட்டாய் மேல்.

வாங்குகிறவர் விற்கத் தொடங்கினால்

மாவு வாங்குகிறவர்களில் சிலர் சில வருஷத்தில் மாவு விற்கத் தொடங்குகிறார்கள். அது நல்லதுதான், நம் காசு நம் தெருவிலேயே சுற்றும். அவர்களுக்கும், அவர்களிடம் வாங்குகிறவர்களுக்கும் கடைசியாகச் சில வார்த்தை. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். 'ஃபாஸ்கோஸ்' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், ஊரில் உள்ள பொதுச் சேவை மையத்தில் செய்துதருவார்கள். கிடைப்பது 14 இலக்க எண். அது 2-ல் தொடங்கினால் சிறு வியாபாரியின் பதிவு, 1-ல் தொடங்கினால் பெரிய உரிமம். எண்ணே இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள். தெரிந்தவர் என்றால், எண் வாங்கச் சொல்லி எடுத்துச் சொல்லுங்கள். பொடி, வடகம், ஊறுகாய் போன்ற பண்டம் தயாரிப்பில் பயிற்சி வேண்டுமானால் குரும்பாப்பட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

எடை குறைந்தாலோ அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். பில் கையில் இருந்தால் நல்லது. மாவுப் பாக்கெட்டுக்கு யார் பில் கேட்கிறார்கள் என்று சிரிக்காதீர்கள், கேளுங்கள். விற்கிறவர்களே, பாக்கெட்டில் தேதியோடு அரைத்த நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். "இன்னிக்கு அரைச்சதா" என்று ஆளாளுக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சம்.